இன்னொரு பங்கு

வனமாமலைக்கு ஐம்பது வயதில்தான் இரண்டு பேருக்குச் சமைக்கிற வேலை வந்து சேர்ந்தது. கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் ஆன மனிதருக்கு இது கொஞ்சம் தாமதம்தான். அதிலும் அந்த இரண்டாவது ஆள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அதன் மூடியில் மார்க்கர் பேனாவால் 37 என்று எழுதியிருந்தது.

டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவள் கலைமதி. மணிமங்கலத்துப் பெண். ஊட்டச்சத்து பற்றிப் பட்டப்படிப்பு படித்துவிட்டு, சென்னையில் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காகச் சுங்குவார்சத்திரத்தில் வீடு வீடாகப் படியேறிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன, சோற்றோடு சேர்ந்து ஈயம், பூச்சிமருந்து என்று என்னென்ன எவ்வளவு மனிதர் வயிற்றுக்குள் போகிறது, இரும்புச்சத்தும் உப்பும் எவ்வளவு போகிறது என்று அவர்கள் கணக்கெடுக்கிறார்களாம். ஆளைக் கேட்டு எழுதினால் சரிவராதாம். நேற்று தின்றதை இன்று கேட்டால் பாதி மறந்திருக்கும், மீதியைக் கௌரவத்துக்குக் கூட்டிச் சொல்வார்கள். அதனால் ஏழு நாள், வாய்க்குள் என்ன போகிறதோ அதே பொருள் அதே அளவு டப்பாவுக்குள்ளும் போக வேண்டும். இரண்டு இட்லி தின்றால் டப்பாவுக்கும் இரண்டு இட்லி. டீ குடித்தால் கூடவே கொடுத்திருந்த பாட்டிலில் அதே அளவு டீ. சாயங்காலம் அவள் வந்து எடை போட்டு எழுதிக்கொண்டு, உள்ளே இருப்பதை ஐஸ் பெட்டிக்கு மாற்றி எடுத்துப் போவாள். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் சாயங்கால டீ வரைக்கும் ஒரு நாள் கணக்கு. கூடுதல் செலவெல்லாம் நிலையத்துடையது.

எடுத்துப் போய் என்ன செய்வீர்கள் என்று வனமாமலை கேட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிடுவோம் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். சோறு, ரசம், மீன், வாழைப்பழம், டீ எல்லாம் ஒரே மிக்ஸியில். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சரி என்றார். ஒரு வாரம் தினமும் ஓர் ஆள் படியேறி வந்து, இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கப்போகிறது. அதைப் போய் யாராவது வேண்டாம் என்பார்களா?

அவர் நாங்குநேரிக்காரர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆலையை இழுத்து மூடியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே வந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் அதே ஸ்டோர் வேலை கிடைத்தது. பரசுராமன் என்கிற உள்ளூர்க்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை. வந்து ஆறு வருஷம் ஆகிறது, இது 2003.

மனைவி சுந்தராம்பாள் ஊரோடு இருந்துவிட்டாள். அவளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. மகள் படிப்பு முடியட்டும், வருகிறேன் என்றாள். முடிந்தது. கல்யாணம் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்து மகள் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு, இருக்கிற வேலையை எப்படி விட என்றாள். அதற்குப் பிறகு அவரும் கேட்பதில்லை. கேட்பதை விட்டாரே தவிர, ஆசையை விடவில்லை. மனிதருக்கு வேறு பெரிய ஆசைகளும் கிடையாது. அவள் வந்து இந்த அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கனகம் நம்பருக்குப் போன் போடுவார். சுந்தராம்பாளைக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டீயளா என்பாள். ஆச்சு என்பார். பிறகு இரண்டு பேரும் அடுத்து என்ன பேச என்று கொஞ்சநேரம் யோசிப்பார்கள்.

ஞாயிறு சாயங்காலம் டப்பா வந்தது. அன்று ராத்திரியிலிருந்தே ஆரம்பம்.

ஸ்டோர் கீப்பர் புத்தி எங்கே போகும். கண்ணளவு பிசகக் கூடாதென்று அவர் ஒரு தட்டு கூடுதலாக வாங்கினார். இரண்டு தட்டையும் தரையில் அருகருகே வைத்து, கரண்டிக்குக் கரண்டி ஒரேபோலப் பரிமாறுவார். அப்புறம் ஒன்றை டப்பாவில் கவிழ்த்துவிட்டு இன்னொன்றைச் சாப்பிடுவார். டீக்கடை மாரியிடம் இரண்டு டீ சொல்லி, ஒன்றைக் குடித்து ஒன்றைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டார். கம்பெனி கேன்டீனில் சொல்லிவைத்து இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை அங்கேயே டப்பாவுக்கு மாற்றினார். சமையலும் தானாக மாறிப்போயிற்று. தனக்கு மட்டுமென்றால் மோரும் ஊறுகாயுமே போதும் என்று படுக்கிறவர், டப்பாவுக்கு வெறும் மோர்ச்சோற்றைப் போட மனம் வராமல் கத்தரிக்காய் வதக்கினார்.

செவ்வாய்க்கிழமை சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். மறுநாள் சாயங்காலம் கலைமதி வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மீன் துண்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் தட்டிலும் இதே அளவா என்று கேட்டாள். வனமாமலை கொஞ்சம் நெளிந்தார். தனக்கு வால் துண்டு, டப்பாவுக்கு நடுத்துண்டு என்று ஒப்புக்கொண்டார்.

"டப்பா ஒண்ணும் விருந்தாளி இல்ல சார்" என்று அவள் சிரித்தாள். "உங்களுக்கு எதுவோ அதுக்கும் அதேதான். முள்ளையும் நீங்க எடுக்கிற மாதிரியே எடுத்துட்டுப் போடணும். கறிவேப்பிலையை ஒதுக்கினா அதுலயும் ஒதுக்கிடுங்க."

அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் சுந்தராம்பாள் அவர் தட்டில் நடுத்துண்டை வைத்துவிட்டு வால் துண்டோடு உட்காருவாள். பதினெட்டு வருஷம் அவர் அதைக் கவனித்ததே கிடையாது. ஆறு வருஷம் தனியாகத் தின்று, கடைசியில் ஒரு டப்பாவுக்கு நடுத்துண்டு வைத்தபோதுதான் அது தெரிகிறது. அடுத்த முறை மீன் வாங்கியபோது முள் எடுத்துப் போட்டார். 

எடை முடிந்ததும் கேள்விகள் இருக்கும். எத்தனை மணிக்கு, எங்கே, யாருடன். படிவத்தில் யாருடன் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. ஆளோடு சேர்ந்தால் சாப்பாடு கூடும், தனியாக இருந்தால் குறையும், அதனால் கேட்கிறோம் என்றாள். தனியாக என்றால் ஒன்று, குடும்பத்தோடு என்றால் இரண்டு, உடன் வேலை செய்கிறவர்களோடு என்றால் மூன்று. கேன்டீனில் ஸ்டோர்காரருக்கு எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் இடைவேளை. ஆகவே எல்லாக் கட்டத்திலும் ஒன்று. வியாழக்கிழமை வந்தபோது அவள் கேட்காமலே ஒன்று போடத் தொடங்கியிருந்தாள்.

இதற்குள் தெருவுக்கு வேறு கணக்கு பிடிபட்டிருந்தது. தனி ஆள், இரண்டு டீ. தனி ஆள், இரண்டு தட்டு. சாயங்காலமானால் பையோடு ஒரு பெண் படியேறுகிறாள், அரைமணி நேரம் கழித்து இறங்குகிறாள். இதற்கு மேலும் துப்பறிய என்ன இருக்கிறது?

கீழ்வீட்டுப் பரசுராமன்தான் நேரடியாகக் கேட்டார். குழாயடியில் வனமாமலை தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ரெண்டு தட்டு கழுவிக்கினு கீறீங்க. வூட்டுக்கு ஆள் வந்துகீதா?"

வனமாமலை உள்ளதை உள்ளபடி சொன்னார். டப்பா, நிலையம், மிக்ஸி எல்லாம் சொன்னார். பரசுராமன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சோத்தை அரைச்சிப் பாக்கறதுக்கு எவனாவது ஆள் வெச்சி அனுப்புவானா சார்? சொல்றதுதான் சொல்றீங்க, நம்பற மாதிரி எதுனா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்.

அதனால் வியாழக்கிழமை இசக்கிபாண்டி கேட்டபோது வனமாமலை விளக்கம் சொல்லவில்லை. இசக்கிபாண்டி அதே கம்பெனியில் லைனில் நிற்கிற பையன், நாங்குநேரிதான், சுந்தராம்பாள் வீட்டுக்குப் பின்தெரு. கேன்டீனில் கைகழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணாச்சி, ரெண்டு தட்டாம்லா, ஆருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். வனமாமலை சிரித்தார். அவ்வளவுதான், சிரித்தார். இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷத்தில் அவரைப் பற்றி யாரும் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. பேச ஒன்றும் இருந்ததில்லை. அப்படி ஒரு பேச்சுக்குத் தான் ஆளாகிவிட்டது அவருக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பை இசக்கிபாண்டி அன்றே போனில் அம்மாவுக்கு அனுப்பிவைத்தான். வெள்ளிக்கிழமை அது பின்தெருவிலிருந்து முன்தெருவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நாள். காலை ஏழரை மணி இருக்கும். வனமாமலை உப்புமா கிண்டி இரண்டு தட்டிலும் வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய பெட்டி, தோளில் ஒரு பை. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து, தாம்பரத்தில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் அவள் இந்த அறையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"ஆருக்கு இந்தத் தட்டு?"

சொல்வதற்கு அரை நிமிஷம் போதும். டப்பா அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். கோபம், தூக்கமில்லாத கண், பயம். அது அவரைப் பறிகொடுத்துவிடுவோமோ என்கிற பயம் என்று புரிந்ததும் வாய் வேறு எதையோ சொன்னது.

"இப்பந்தான வந்திருக்க. மொதல்ல உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அதுவும் அந்த இரண்டாவது தட்டுக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். யாருக்கோ வைத்திருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறவளாக, உப்புமாவை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவின் காலைப் பங்கு அப்படித் தீர்ந்தது. அவள் கைகழுவப் போன நேரத்தில் வனமாமலை டப்பாவை எடுத்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டார். இருபது வருஷம் ஸ்டோரில் ஓர் ஆணிகூடக் கணக்கில் தவறவிடாத மனிதர். ஆனாலும் தள்ளினார்.

பிறகு அவள் அறையைச் சோதனை போட்டாள். பெருக்குகிறேன் என்று கட்டிலுக்கடியில் பார்த்தாள், கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள், கொடியில் கிடந்த துணியை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். ஒரு ஹேர்பின்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது போலிருக்கிறது. பலே கைகாரிதான் என்று முணுமுணுத்தாள்.

மீன் வாங்க இரண்டு பேருமாகப் போனார்கள். மாரி கடையைத் தாண்டும்போது மாரி எட்டிப் பார்த்தான். சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் நெருங்கி நின்று, தான் இவருடைய வீட்டுக்காரி என்றும், இனி இவருக்கு டீ வீட்டிலேயே ஆகிவிடும் என்றும் மாரியிடம் சொன்னாள். வனமாமலை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில்கூட அவள் தெருவில் இப்படி நெருங்கி நடந்ததில்லை. ஐம்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வருமென்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

மத்தியானம் நடுத்துண்டு அவர் தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் நிமிர்ந்து ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்தப் பழக்கமெல்லாம் எங்கே கற்றுக்கொண்டது என்கிற பார்வை. அதையும் அவர் திருத்தவில்லை.

சாப்பிட்டு முடித்து அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"யாரு, என்னன்னு நான் கேக்கமாட்டேன். நீங்களும் சொல்லாண்டாம். தப்பு எம்மேலயும் இருக்கு. இத்தன வருசம் ஒத்தையில விட்டுட்டேன். ஒரு மாசம் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே நான் இங்கனதான் இருப்பேன்."

"வேல?" என்றார் அவர்.

"போனா போட்டும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தார். அது கிடைத்தேவிட்டது. கிடைத்த வழிதான் சரியில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். நாளைக்குச் சொல்லலாம், அவள் பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கட்டும், பிறகு சொன்னால் சிரித்துவிட்டு இருந்துவிடுவாள் என்று இன்னொருவன் சொன்னான். வனமாமலை இரண்டாமவன் பக்கம் சாய்ந்தார். கலைமதி ஆறு மணிக்குத்தான் வருவாள். ஐந்தரைக்கே பஸ் நிறுத்தத்துக்குப் போய் அவளை வழியிலேயே பார்த்து, வீட்டில் ஆள் வந்திருக்கிறது, இன்றைக்கு விட்டுவிடம்மா என்று சொல்லிவிடலாம். ஏழு நாளில் ஒரு நாள் போனால் உலகம் முழுகிவிடாது. திட்டமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி நாள், கணக்கு முடிக்க வேண்டுமென்று கலைமதி நாலு மணிக்கே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவள் சுந்தராம்பாள். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தோளில் பை. சுந்தராம்பாள் கதவில் கையை ஊன்றியபடி அப்படியே நின்றாள்.

"சாரோட வைஃபா நீங்க?" என்றாள் கலைமதி முகமெல்லாம் சிரிப்பாக. "இன்னிக்கு வருவீங்கன்னு சார் சொல்லவே இல்லியே. சார், டப்பா எங்க?"

டப்பா வெளியே வந்தது. பிறகு எல்லாமே வெளியே வந்தது. கலைமதி தராசை எடுத்துவைத்து, தான் யார், எதற்கு வருகிறேன், இரண்டு தட்டு எதற்கு என்று வழக்கமாக எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் சொன்னாள். பரசுராமன் நம்பாத அதே கதையை சுந்தராம்பாள் முதல் நிமிஷத்திலேயே நம்பினாள். பிள்ளை ஒன்றுக்கு அரிசி எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று தினமும் நிறுத்துப் போடுகிறவளுக்கு, சோற்றை எடை போட்டு எழுதுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரிபோல நாலு கேள்வி கேட்டாள். எண்ணெயை எப்படி அளப்பீர்கள், உப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றாள். கலைமதி உற்சாகமாகப் பதில் சொன்னாள்.

திடீரென்று சுந்தராம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இந்த டப்பாவுக்காகவா நான் ராவோட ராவா ஓடியாந்தேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளைப் பார்த்துக் கலைமதி சிரித்தாள். வனமாமலையும் சிரித்தார், சிரிக்காமல் எப்படி இருக்க முடியும். ஆனால் அவருக்குச் சரியாகத் தெரிந்துவிட்டது. இந்த அறையில் ஒரு பெண் வந்துபோயிருந்தால் இவள் இருந்திருப்பாள். யாருமே வரவில்லை, அதனால் போய்விடுவாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, இது என்ன எல்லாவற்றிலும் ஒன்று என்று கேட்டாள்.

"தனியா சாப்ட்டா ஒண்ணு. குடும்பத்தோட சாப்ட்டா ரெண்டும்மா."

விரல் கீழே இறங்கியது. திங்கள், செவ்வாய், புதன். பக்கத்தைத் திருப்பினாள். வியாழன், வெள்ளி, சனி. காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி. கடைசி ஒன்று வரைக்கும் விரல் நகர்ந்து அங்கே நின்றது. அப்போது அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. நெஞ்சு கனத்துப்போன பெண்ணின் நிஜமான இரக்கம். அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டையும் வனமாமலை தெளிவாகப் பார்த்தார். இரக்கத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியை மட்டும் திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஒரு நாள்கூட இசக்கிபாண்டிப் பயலயாவது கூப்பிட்டு வச்சுச் சாப்பிடக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவனுக்கு ஷிப்ட் என்றார் அவர்.

கலைமதி பேனாவைத் திறந்தாள். இன்றைய கணக்கு பாக்கியிருந்தது. காலை உப்புமா, யாருடன் என்று கேட்டுவிட்டு அவளே இரண்டு என்று எழுதினாள். மத்தியானம் சோறு, மீன்குழம்பு, இரண்டு. டப்பாவைத் திறந்து பார்த்தாள். நேற்று ராத்திரிச் சோறு மட்டும் அடியில் கிடந்தது. இன்றைக்கு ஒன்றுமே வைக்கவில்லையே சார் என்றாள். பரவாயில்லை என்று அவள் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தாள். தினமும் கேட்கிற கேள்விதான்.

"இன்னிக்கு நீங்க சாப்ட்டது உங்களுக்கு வழக்கமான சாப்பாடுதானா சார்?"

ஆறு நாளும் ஆமாம் என்று யோசிக்காமல் சொன்ன கேள்வி. இன்று அவர் சுந்தராம்பாளைப் பார்த்தார். அவள் கட்டிலோரம் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வைத்தது வைத்தபடி, இன்னும் திறக்காமல் இருந்தது.

"இல்லம்மா" என்றார்.

"அப்போ இந்த நாளைக் கணக்குல எடுக்க முடியாது சார். அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? சனி சாயங்காலமே டப்பா குடுத்திடுறேன்." அவள் சுந்தராம்பாள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இருப்பீங்கன்னா சொல்லுங்கம்மா, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதணும்."

சுந்தராம்பாள் முந்தானை நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்த கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஊரில் பள்ளிக்கூட அடுப்படியில் நாளை எத்தனை பிள்ளைகள் வரும் என்று யோசிக்கிறபோது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டிருந்தது.

"இல்லம்மா. நான் நாளைக்கு பஸ்ஸுக்குக் கிளம்பிருவேன்" என்றாள். பிறகு அவர் பக்கம் பார்க்காமல், குரலில் ஒரு கடுமையும் இல்லாமல் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழம இவுக வழக்கம்போலத்தான் இருப்பாக. எழுதிக்கோ."

கலைமதி தேதியைக் குறித்துக்கொண்டு, கூடுதல் ஒரு நாளுக்குச் சம்மதம் என்று இருந்த இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள். வனமாமலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.